கணக்கை யாரிடம் கொடுப்பது?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். என் பேச்சை அவர் கேட்பார். இங்கே ஒஹாயோவில், நான் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அணிகளுக்குக் கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிட்டது. இனி மார்ச் வரை சனி, ஞாயிறு எல்லாம் அரங்கத்தில்தான்.

உங்கள் கல்லூரி முதல்வர் விளையாட்டுத் துறைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கச் சொன்னாராம், அதை இரண்டாமாண்டுப் பையன் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றாராம். படித்ததும் மனம் கொதித்தது. அவரைக் குறை சொல்லவில்லை. கோடிக்கணக்கான டாலர் புரளும் இந்த ஊர் விளையாட்டுத் துறைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். போனை வேகமாகத் தட்டத் தெரிந்தவரெல்லாம் இந்த வேலைக்குப் போதும் என்று நினைக்கிறார்கள்.

2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். மேரிலாந்தில் யு.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. கூடைப்பந்தில் அதன் பெயரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அகில அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் போட்டியில், ஒவ்வொரு பிரிவிலும் கடைசியான 16-ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை அதுவரை 135 முறை எதிர்கொண்டு, 135 முறையும் தோற்றிருந்தது. அன்றைக்கு 16-ஆம் தரவரிசையில் இருந்த யு.எம்.பி.சி., முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வென்றது. ஆட்டம் முழுவதும் அந்த அணியின் ட்விட்டர் கணக்கை இயக்கியவர் ஜாக் சைடல். ஏளனம் செய்தவர்களுக்கெல்லாம் குறும்பாகப் பதில் சொன்னார். சில ஆயிரமாக இருந்த பின்தொடர்வோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஊரே அவருடைய நகைச்சுவையைப் பேசியது. எனக்குப் பிடித்தது வேறு. அவர் அந்த ஒரு இரவுக்காக வந்தவர் இல்லை, அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் ஊழியர். யாரும் பார்க்காத ஆட்டங்களையும் பதிவு செய்து பழகிய கை அது. அதனால்தான் உலகமே திரும்பிப் பார்த்தபோது தடுமாறவில்லை.

எங்கள் வேலையில் பாதி, எதைப் போடக் கூடாது என்று முடிவு செய்வதுதான். பள்ளி மாணவர் ஒருவர் எங்கள் அணிக்கு வரப்போகிறார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். அவர் முறைப்படி கையெழுத்திடும் வரை அவர் பெயரை நாங்கள் எழுத முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அப்படி. அவர் பதிவுக்கு விருப்பக்குறி போடுவதைக்கூட 2016-இல்தான் அனுமதித்தார்கள். ஒரு வீராங்கனை முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அந்தப் படத்தைத் தொடவே மாட்டேன். என்ன காயம் என்று ஆயிரம் பேர் கேட்டாலும், அவரும் மருத்துவரும் சம்மதிக்காமல் ஒரு சொல் வெளியே போகாது. நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் படங்களில் இன்னும் கவனம். எந்தக் கோணத்தில் எடுத்தது, அதை வெட்டிப் பரப்பினால் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே வெளியிடுகிறோம். உன் கபடிப் பெண்களுக்கும் இது அப்படியே பொருந்தும். பிடி போடும் நேரத்தில் எடுத்த படம் ஆட்டத்துக்கு அழகாக இருக்கலாம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தலைநிமிர்ந்து காட்டக்கூடிய படமா என்று அவளிடமே கேட்டுவிடு.

தோற்ற இரவுகள்தான் மிகக் கடினம். ஆட்டம் முடிவதற்கு முன்பே வெற்றிக்கு ஒரு படம், தோல்விக்கு ஒரு படம் என இரண்டும் தயாராக இருக்கும். மணி அடித்ததும் ஒன்றை அனுப்பிவிட வேண்டும். தோல்வியை மறைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஸ்கோரை நேர்மையாகப் போடுவேன்; ஆனால் கடைசி வாய்ப்பைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் போட மாட்டேன். அதற்குப் பிறகு வரும் பின்னூட்டங்கள் இருக்கிறதே, அவற்றை முதலில் படிப்பது நாங்கள்தான். 2024-இல் என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட ஆய்வில், சாம்பியன்ஷிப் போட்டிகளையொட்டிய சுமார் 13 லட்சம் பதிவுகளைச் சலித்ததில் 5,000-க்கும் மேற்பட்டவை வசை, மிரட்டல், பாகுபாடு என்று உறுதியாகின. அவற்றில் 12 சதவீதம் பந்தயச் சூதாட்டத்தோடு தொடர்புடையவை. எங்கள் மாநிலத்தில் 2023 ஜனவரியிலிருந்து விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. கல்லூரி வீரர் ஒருவர் தனியாக எத்தனை புள்ளி எடுப்பார் என்று பந்தயம் கட்டுவதை மறு ஆண்டே தடை செய்தார்கள். தடை செய்தது நல்லது, ஆனால் பணம் இழந்தவனின் ஆத்திரம் இன்னும் எங்கள் பக்கத்தில்தான் வந்து கொட்டுகிறது. ஒரு மாணவியை அவள் பெயர் சொல்லித் திட்டுவதை நள்ளிரவில் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருக்கும் வேலையை இருபது வயதுப் பயிற்சி ஊழியரிடம் தனியாக விட எனக்கு மனம் வருவதில்லை. கூடவே உட்கார்ந்துகொள்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒரு வழக்கில் நீதிபதி சமரசத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம் என்றாகிவிட்டது. இது வெகு காலத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய நியாயம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் படமும் காணொளியும் யார் கையால் உருவாகின்றன? எங்களைப் போன்ற ஊழியர்கள் கையால்தான். இங்கே மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு, ஆண்டுச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிவிட்டால், எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கூடுதல் ஊதியம் இல்லை. அந்த வரம்பு 35,568 டாலர். 2024 ஜூலையில் அதை 43,888 ஆக்கினார்கள். நவம்பரில் டெக்சாஸில் ஒரு நீதிபதி அந்த உயர்வை ரத்து செய்துவிட்டார். அந்தச் சில மாதங்கள் எங்களில் பலருக்கு எவ்வளவு நம்பிக்கை தந்தன தெரியுமா! இப்போது எங்கள் துறையில் இருவர் விலகிப்போன இடங்கள் நிரப்பப்படாமலே கிடக்கின்றன. அதன் சுமை குறுக்கோட்டத்தின்மேலும் (கிராஸ் கன்ட்ரி) துடுப்புப் படகின்மேலும்தான் விழுகிறது. அமெரிக்கக் கால்பந்துக்கு எப்போதும் கேமரா இருக்கும். மழையில் ஆறு கிலோமீட்டர் ஓடி முடித்த பெண்ணுக்கு நாங்கள் போடும் ஒரு படம்தான் செய்தி, அதுதான் அவள் பெற்றோர் பார்க்கும் ஆட்டம். அதை விட்டுவிட முடியாது என்று கூட்டந்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உன் பக்கத்துக்கு வருகிறேன். மாணவர்களைச் சேர்த்துக்கொள், தாராளமாக. படமெடுக்கவும், எந்தப் பாட்டு இப்போது ஓடுகிறது என்று சொல்லவும் அவர்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் கடவுச்சொல் உன்னிடமும் உடற்கல்வித் துறையில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். அந்தப் பையன் படிப்பை முடித்துப் போகும்போது பக்கமும் அவனோடு போய்விடக் கூடாது. பின்னூட்டத்தில் வசைச் சொற்கள் தானாகவே மறையும் வசதி இருக்கிறது; தமிழ் வசைகளை நீயே உட்கார்ந்து அதில் சேர்க்க வேண்டும், அது சங்கடமான வேலைதான், ஆனாலும் செய். ஆண்கள் ஹாக்கிக்கு எத்தனை படமோ அத்தனை படம் கோ-கோவுக்கும் போடு. பெயர், ஊர், படிக்கும் வகுப்பு மூன்றையும் பிழையில்லாமல் எழுது. தன் பெயரைத் தப்பாக அச்சில் பார்த்த பிள்ளை அதை மறப்பதே இல்லை. இவ்வளவுக்கும் முதல்வரிடம் வாரத்துக்குச் சில பாடவேளைகளைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேள். கூடுதல் பொறுப்பு என்று வாய்வார்த்தையில் ஏற்றுக்கொள்ளாதே, எழுத்தில் வாங்கு.

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். ரவிக்கு வேலை மாற்றம் வரலாம் போலிருக்கிறது, உறுதியானதும் எழுதுகிறேன். ஜூனில் ஊருக்கு வரத் திட்டம் இருக்கிறது, டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மண்டலப் போட்டி என்றைக்கு? அதற்கு முன்பு ஒரு நாள் உன் மாணவர்களை வீடியோ அழைப்பில் உட்கார வை, ஸ்கோர் படத்தை எப்படித் தயார் செய்கிறோம் என்று நானே காட்டுகிறேன். உங்கள் ஊர் நேரம் காலை ஏழரை என்றால் எனக்கு வசதி.

அன்புடன்,
உமா