சேதாரம் சேராத அடக்க விலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கைவினைப் பொருளுக்கு எப்படி விலை வைப்பது என்று கேட்டால், "பொருள் செலவை மூன்றால் பெருக்கிக்கொள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. விலையுயர்ந்த மூலப்பொருளில் சட்டென்று முடிகிற வேலைக்கு இந்த வாய்ப்பாடு அநியாய விலை சொல்லும். மலிவான நூலில் நாள் கணக்காகப் பின்னியதற்கோ கூலிகூடக் கட்டாது. இதைவிடப் பெரிய கோளாறு, பெருக்கப்படும் அந்த முதல் எண்ணே பெரும்பாலும் தப்பாக இருப்பது. பில்லில் உள்ள விலை அடக்க விலை ஆகிவிடாது.

துணிப்பையை எடுத்துக்கொள்வோம். 112 செ.மீ. அகலத்தில் 10 மீட்டர் பருத்தித் துணி. ஒரு பைக்கு 42 × 45 செ.மீ. அளவில் இரண்டு துண்டு, கைப்பிடிக்கு 8 × 60 செ.மீ. அளவில் இரண்டு பட்டை; தையலுக்கு விடுவதும் இதிலேயே அடக்கம். பரப்பளவைக் கணக்கிட்டு வகுத்தால் 23 பை வருகிறது. ஆனால் பருத்தி சுருங்கும். வெட்டும் முன் நனைத்து உலர்த்தியதில் நீளத்தில் 4 சதவீதம் போனால் கையில் இருப்பது 9.6 மீட்டர். அகலம் 110 ஆகி, இரு கரையிலும் ஒவ்வொரு செ.மீ. கழித்தால் 108. குறுக்கே இரண்டு துண்டு வைத்தால் 84 செ.மீ. போகும், மிச்சமுள்ள 24 செ.மீ.யில் மூன்று பட்டை அடங்கும். நீளத்தை 45-ஆல் வகுத்தால் 21 பைதான். தைக்கும்போது ஒன்று கெட்டால் 20. துணி விலையை 23-ஆல் வகுப்பதற்கும் 20-ஆல் வகுப்பதற்கும் ஒரு பைக்கு 15 சதவீதம் வித்தியாசம். சிறு தொழிலின் லாபத்தை விழுங்க இது போதும். கைப்பிடியை 9 செ.மீ. ஆக்கினாலோ, அந்த 24 செ.மீ.யில் இரண்டு பட்டைக்குத்தான் இடம்; பற்றாக்குறைக்குப் பையின் துணியிலேயே கை வைக்க வேண்டிவரும். கத்தரியை எடுக்கும் முன் காகிதத்தில் கட்டம் போட்டு அடுக்கிப் பார்ப்பது அதனால்தான். தோல் வேலையில் சேதாரம் இன்னும் அதிகம். தழும்பு, ஓரம், இழுபடும் வயிற்றுப் பகுதி என்று கால் பங்கு கழிவது சாதாரணம்.

அடுத்தது அளவை. வாங்குவது கிலோவில், செலவாவது எண்ணிக்கையில் என்றால் இருப்பு நோட்டு நிச்சயம் குழம்பும். எந்த அலகில் செலவாகிறதோ அந்த அலகில்தான் இருப்பு எழுத வேண்டும். மணி வாங்கினால் 100 மணியை எண்ணி நிறுத்து, அந்த எடையைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவிட்டால் பிறகு தராசே எண்ணிச் சொல்லும். மெழுகுவர்த்தியில் மெழுகைவிட வாசனை எண்ணெய்தான் கணக்கை உடைக்கிறது. 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம். ஒரு கிலோ எண்ணெய் 62 மெழுகுவர்த்திக்கு வரும். இதை மில்லி கணக்கில் அளந்து ஊற்றக்கூடாது. எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி மாறுவதால் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடும் அல்லது குறையும். சூடேற்றாத முறையில் செய்யும் சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் உலர வேண்டும். அதற்குள் நீர் வற்றி எடை குறைந்துவிடும். வெட்டிய அன்று நிறுத்து லேபிள் அடித்தால், விற்கும் நாளில் லேபிள் பொய் சொல்லும். அத்தனை வாரமும் பலகையில் அடுக்கியிருப்பது முடங்கிக் கிடக்கும் முதல் என்பதையும் கையிருப்புக் கணக்கில் காட்ட வேண்டும்.

வண்டி வாடகையைப் பொதுச் செலவில் தள்ளிவிடுகிறோம். 5,000-க்கு வாங்கிய சரக்குக்கு 400 வாடகை என்றால் ஒவ்வொரு பொருளின் விலையிலும் 8 சதவீதம் ஏற்றுவதே முறை. ஆனால் ஒரே பார்சலில் கனமான களிமண்ணும் லேசான வெள்ளிக் கம்பியும் வந்தால் எடையைக் கொண்டு பிரிப்பதுதான் நியாயம். ஊசி, பசை, உப்புத்தாள் போன்றவற்றைப் பொருள்வாரியாகத் துரத்த வேண்டாம். மாதச் செலவை அந்த மாதம் செய்த பொருட்களுக்குப் பகிர்ந்தால் போதும். அட்டைப்பெட்டியும் லேபிளும் மட்டும் எண்ணிக்கையில் சேர வேண்டும், அவை பொருளோடு போகிறவை.

விலை ஏறும்போது இன்னொரு சிக்கல். 40 மீட்டர் பழைய துணி மீட்டர் 100-க்கும், 60 மீட்டர் புதுத் துணி 120-க்கும் வாங்கியிருந்தால் சராசரி 112. நோட்டுக்கு இந்தச் சராசரி சரி. புதிய ஆர்டருக்கு விலை சொல்லும்போது 120-ஐத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. விற்ற காசில் அடுத்த துணியை வாங்க முடியாவிட்டால் சராசரி லாபம் காட்டி என்ன பயன்?

எப்போது திரும்ப வாங்குவது? வாரம் 30 ஜிப் செலவாகிறது, சரக்கு வர மூன்று வாரம் என்றால் 90 போதும் என்று தோன்றும். ஆனால் மும்முரமான வாரத்தில் 40 போகும், சரக்கும் நான்கு வாரம் இழுக்கும். ஆகவே 160 என்பதே எல்லைக்கோடு. அந்த 160-ஐத் தனிப் பையில் போட்டு வாய் கட்டி வைத்துவிடுங்கள். வெளியில் உள்ளவை தீர்ந்து பையைப் பிரிக்கும் நாளே ஆர்டர் கொடுக்கும் நாள். கணினி இல்லாத பட்டறையிலும் இது தவறாது. கம்பளி நூலுக்கு மட்டும் இது உதவாது. அடுத்த சாய லாட்டில், அதாவது வேறொரு தடவை சாயமேற்றிய தொகுதியில், நிறம் மாறிவிடும், அதனால் ஒரு வேலைக்கு வேண்டிய முழு அளவையும் ஒரே லாட்டில் வாங்கியாக வேண்டும்.

மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்பதற்கும் ஒரு வார்த்தை. ரெசின் என்னும் வார்ப்புப் பிசின் நாளாக ஆக மஞ்சளிக்கும், எலாஸ்டிக் தளரும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். மூன்று மாதத்தில் தீராத சரக்கில் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் அலமாரியிலேயே கரைந்துபோகிறது. வந்த தேதியை எழுதி, பழையதை முன்னால் வையுங்கள்.

மாதக் கடைசியில் ஒரு சோதனை அவசியம். தொடக்க இருப்பு 12 மீட்டர், வாங்கியது 30, மீதி 9. ஆக, செலவு 33. செய்த பை 60, ஒன்றுக்கு 0.48 மீட்டர் வீதம் 28.8. காணாமல் போன 4.2 மீட்டர் எங்கே? தவறாக வெட்டியது, மாதிரிக்குத் தைத்தது, பழுது பார்த்தது என்று ஏதோ ஒன்றில் இருக்கும். எழுதி வைக்காததால் அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. எல்லாப் பொருளையும் எண்ண நேரமில்லாதவர்கள், பணம் அதிகம் முடங்கும் நான்கைந்தை வாராவாரம் எண்ணினாலே பாதிக் குழப்பம் தீரும். விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் கடைகளில் வைத்த பொருளும் விற்கும்வரை நம் இருப்புதான். கடைவாரியாகத் தனிப் பக்கம் வேண்டும்.

தங்கள் நாளிதழில் கைவினைச் செய்முறைகளை வெளியிடும்போது, தேவையான பொருட்களின் பட்டியலுடன் ஒவ்வொன்றிலும் கழியும் சேதார அளவையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். படித்துவிட்டுத் தொழிலாக எடுத்துச் செய்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் விலைப் பட்டியலுக்கு அடிப்படை.

இப்படிக்கு,
கைவினைத் தொழில் செய்யும் வாசகர்கள்