அந்த ஃபைல்களை ரத்திக்குப் போடும் முன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பாதியில் கிடக்கும் எழுத்தையெல்லாம் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரருக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டு ஃபைல்களைக் கொடுத்தனுப்பினீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பதிலைப் பொதுவில் எழுத நீங்கள் சம்மதித்தது நல்லது. மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இதேபோல் ஃபைல்களை லாஃப்டில் ஏற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கவிதை நோட்டுகளைப் போட்டுவிடலாம். அந்தந்தக் காலத்தில் நீங்கள் யாரைப் படித்தீர்களோ அவர்கள் குரலில்தான் அவை இருக்கின்றன. கை பழகுவதற்கு எழுதியவை, கை பழகிவிட்டது. 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பற்றிய கட்டுரையும் போகட்டும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை என்று தொடங்கி, பேப்பரில் எல்லோரும் படித்ததையே சொல்கிறது. குர்லாவிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் நடந்து வந்த இரவு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த இரவை எழுதத் தோன்றினால் புதிதாக எழுதுங்கள்.

ரயில் கதையைத் தொடாதீர்கள். ஹார்பர் லைன் லேடீஸ் டப்பாவில் ஒருத்தி மடியில் துணி விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டு வருகிறாள். பக்கத்தில் இருப்பவள் கேட்காமலே ஒரு பிடி அள்ளி உரிக்கத் தொடங்குகிறாள். மான்குர்த் வந்ததும் உரித்ததை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போகிறாள். இதற்குப் பிறகு இரண்டு பேரையும் மறுபடி சந்திக்க வைக்கத்தான் பக்கம் பக்கமாக எழுதி அடித்திருக்கிறீர்கள். அவர்கள் சந்திக்க வேண்டாம் அக்கா. அவள் இறங்கிய இடத்திலேயே கதை முடிந்துவிட்டது. மிச்சத்தை எடுத்துவிட்டு ஏதாவது பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

இனி தாராவி நாவல். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அதை நீங்கள் முடிக்கப் போவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. முடிக்கவும் வேண்டாம். ஃபைலின் அடியில், குண்டூசி துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புத் தாள்களில், தோல் பதனிடும் வேலையைப் பற்றி அப்பா பேசப் பேச நீங்கள் எழுதிக்கொண்டது இருக்கிறது. அதில் ஓரிடம்: ‘சுண்ணாம்புக் குழியில எறங்கி நின்னுட்டு வந்தா ராத்திரி சோத்துல கை வைக்க முடியாது ஏட்டி. வெரல் நுனியெல்லாம் வெந்து போயிருக்கும். ஒங்கம்மைதான் உருட்டிக் குடுப்பா.’ நாவலில் அதே இடம் இப்படி ஆகியிருக்கிறது: ‘அவனது விரல்கள் வேதனையில் துடித்தன.’ சுண்ணாம்பும் போயிற்று, சோறும் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். அதன்மேல் ஒரு காதல் கதையும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாவல் ஏன் நின்றது என்று இத்தனை வருஷமாக வருத்தப்படுகிறீர்கள். அப்பாவின் பேச்சை மீறி ஒரு கதாநாயகனைக் கட்ட உங்களுக்கு மனசு வரவில்லை, அதனால்தான் நின்றது என்று நான் நினைக்கிறேன். அந்த மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பாந்த்ரா இறைச்சிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் தோல் பதனிடும் தொழில் தாராவியில் வேரூன்றியது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் அந்த வேலைக்கு வந்தார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். குழியில் இறங்கி நின்றவர் தன் வாயால் சொன்னது எங்கே கிடைக்கும்? அந்தத் தோல் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் மூடியாயிற்று. இப்போது தாராவியையே இடித்துக் கட்டப் போகிறார்கள். அந்தத் தாள்களை அப்பாவின் பேச்சாகவே, அவர் சொன்ன வரிசையிலேயே, ஒரு வார்த்தையும் திருத்தாமல் வெளியிடுங்கள். தலையும் வாலும் இல்லையே என்பீர்கள். இல்லாவிட்டால் என்ன?

முடியாததை யார் படிப்பார்கள் என்று போனில் கேட்டீர்கள். 1921இல் பாரதி காலமானபோது ‘சந்திரிகையின் கதை’ பாதியில் நின்றது. இன்றும் அச்சில் இருக்கிறது. உ.வே.சா. விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ 1942இல் அவர் மறைந்ததோடு நின்றுவிட்டது. வாழ்ந்தது எண்பத்தேழு வயதுவரை, எழுதியது 1890கள் வரைதான். மிச்சம் வரவில்லை என்பதற்காக யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1954இல் கல்கி காலமானபோது ‘அமரதாரா’ தொடர் பாதியில் இருந்தது. அப்பாவின் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். உங்கள் மகன் தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. அவனைக் குறை சொல்லவில்லை. மும்பையில் நம் பிள்ளைகள் பலருக்கும் இதே கதிதான். பிற்காலத்தில் அவன் இந்த ஃபைலைத் திறந்தால், மின்சார பில் எது, தாத்தா பேசியது எது என்றே தெரியாது. அதனால்தான் முடிவை அவனுக்கு விடாமல் நீங்களே எடுக்க வேண்டும் என்கிறேன். உயில் எழுதும்போது கையெழுத்துப் பிரதிகள் யாருக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெளிவராத எழுத்தின் கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்குக் கொடுத்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை அதன் காப்புரிமையும் அவருக்கே சேரும். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அது. தமிழ் படிக்கிற ஒருவரைப் பார்த்து எழுதுங்கள். மருமகள் படிப்பாளே.

சிடியில் இருக்கும் கோப்புகள் பழைய ஃபான்ட்டில் அடித்தவை. இப்போதைய லேப்டாப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிகின்றன. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பழுப்புத் தாள்களை மட்டும் நீங்களே போனில் படம் எடுத்து வையுங்கள், இந்த வாரமே. ராமபாணப் பூச்சி ஓரங்களை அரிக்கத் தொடங்கிவிட்டது, மழைக்காலமும் வருகிறது. குண்டூசியைப் பிடுங்காதீர்கள், தாள் கிழியும்.

அப்பாவின் பேச்சில் ‘மண்டிக்காரர்’ என்று ஒருவர் அடிக்கடி வருகிறார், பெயர் எங்கேயும் இல்லை. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டவரும், பிரசவத்துக்குப் பணம் கொடுத்தவரும் ஒரே ஆளா, இரண்டு பேரா? உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். ஊரில் சித்தப்பா இருக்கும்போதே அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, தனித்தாளில் எழுதி ஃபைலோடு வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி