படகை எடுங்கள், கரையை மாற்றுங்கள்: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் ஆதிமனிதர் கண்காட்சியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். ஆதிமனிதர் பரவிய வழியைக் காட்டும் நுழைவாயில் வரைபடத்தைத் திருத்தும்படி இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து, அதையே நோட்டில் வரைந்துகொண்டு போகிறார்கள். பிழை வீடு வரைக்கும் போகிறது. அதனால்தான் இந்தப் பொதுமடல்.

உங்கள் அம்புக்குறி மலாயத் தீபகற்பத்திலிருந்து சுமத்ராவுக்குக் கடல் தாண்டிப் போகிறது; மேலே ஒரு படகு. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் தென்பகுதியில் ஆழம் பெரும்பாலும் 40 மீட்டரைக்கூட எட்டாது. மனிதர் இப்பக்கம் வந்ததாகச் சொல்லப்படும் 65,000 ஆண்டுகளுக்கு முன் கடல் அந்த அளவு இறங்கவில்லை. ஆனால் 40 மீட்டருக்கு மேலேயே இறங்கியிருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் நம் தீபகற்பத்தோடு ஒட்டி, சுண்டாலாந்து என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன. மக்கள் நடந்து போன நிலம் அது. படகு வேண்டியிருந்தது பாலிக்குக் கிழக்கே. லோம்போக் நீரிணை பனியுகத்திலும் வற்றவில்லை. அங்கே நீங்கள் படகு வரையவே இல்லை.

திருத்துவது எளிது. கடலடி ஆழத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 120 மீட்டர் ஆழமுள்ள இடங்களை இணைக்கும் ஆழக்கோட்டை 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய கரையாக வரையுங்கள். இன்றைய கரையைப் புள்ளிக்கோடாக விடுங்கள். பிற்காலத்தில் ஆற்றுவண்டல் படிந்த இடங்களில் கோடு சற்று விலகும். அதை ஓரத்தில் குறித்தால் போதும்.

அடுத்தது தேதிகள். பேராக் மாநிலத்துப் புக்கிட் புனோவின் 1.83 மில்லியன் ஆண்டுக் கல் கைக்கோடரியும், லெங்கோங்கில் கிடைத்த நம் இனத்தவரான பேராக் மனிதனின் எலும்புக்கூடும் ஒரே நிறப் புள்ளி, ஒரே அம்பின் மேல். அந்தக் கைக்கோடரியின் வயதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதை ஏற்றாலும், மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த நம் இனத்தின் எலும்புகளுக்கே வயது ஏறத்தாழ 300,000 ஆண்டுதான். இரண்டும் ஒரே பயணமாக இருக்க முடியாது. கதிரியக்கக் கரிமம் குறைந்த அளவை வைத்துக் கணக்கிடும் கரிமத் தேதிகளிலும், உண்மையான ஆண்டுக்கணக்குக்கு அளவுதிருத்தியதும் திருத்தாததும் கலந்து கிடக்கின்றன. திருத்தாத 10,000, திருத்தியபின் சுமார் 11,500 ஆகும். கடற்சிப்பியில் எடுத்த தேதி இன்னும் ஏமாற்றும். கடல்நீரின் பழைய கரிமத்தால் சுமார் 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். எந்தப் பொருளில் எடுத்த தேதி என்று எழுதுங்கள்.

சிப்பி என்றதும் பினாங்கு நினைவுக்கு வருகிறது. குவார் கெப்பாவின் சிப்பிமேடுகளைச் சுண்ணாம்புக்காகத் தோண்டித் தீர்த்தார்கள். அங்கே எடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போயின. இத்தனைக்கும் பிறகு 2017-இல் அந்த மண்ணில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவளுக்கு உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆப்பிரிக்காவுக்கு அத்தனை இடம், சொந்த மண்ணுக்கு இல்லையா?

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். வரும் பள்ளி விடுமுறைக்குள் வரைபடத்தைத் திருத்துங்கள். அதுவரை தயவுசெய்து அந்தப் படகின் மேல் ஒரு தாளையாவது ஒட்டிவையுங்கள்.

நன்றியுடன்,
வரலாற்று ஆர்வலர்கள் சிலர்