கதவோடு முடிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொடக்க விழா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசரின் தூதராக வரும் 'பிளாக் ராட்' அதிகாரியின் முகத்துக்கு நேரே, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் கீழவையான காமன்ஸ் சபை கதவை அறைந்து சாத்துவதையும், அவர் கருங்கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறப்பதையும் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருந்தார். கடைசியில் எல்லாமே வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் 1642 ஜனவரி 4 இருக்கிறது. முதலாம் சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சபைக்குள்ளேயே நுழைந்த நாள். ஜான் பிம், ஜான் ஹாம்ப்டன் உள்ளிட்ட ஐவரும் முன்கூட்டியே தகவல் தெரிந்து படகேறித் தப்பிவிட்டார்கள். அவர்கள் எங்கே என்று அரசர் கேட்டார். சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டியிட்டார்; சபை பணித்தாலன்றி இந்த இடத்தில் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆளையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு சபை நடக்கும்போது எந்த மன்னரும் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. மேலவையான பிரபுக்கள் சபையில் உட்கார்ந்துகொண்டு ஆள்தான் அனுப்பவேண்டும்.

கட்டுரையில் விடுபட்டது பிற்பகல் சங்கதி. என்னைக் கேட்டால் கதவைவிட அதுதான் கனமானது. பிரபுக்கள் சபையில் தொடக்க உரையைப் படித்துவிட்டு அரசர் அரண்மனைக்குத் திரும்பிய பின் காமன்ஸ் மறுபடி கூடும். உரை மீதான விவாதத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மசோதாவை எடுப்பார்கள். ஒருவரை ரகசியமாகச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுவதைத் தடுக்கும் மசோதா அது. தலைப்பைப் படிப்பதோடு சரி. யாரும் பேசமாட்டார்கள், இரண்டாம் வாசிப்பும் கிடையாது. அடுத்த கூட்டத்தொடரில் திரும்பவும் அதே மசோதா. 18ஆம் நூற்றாண்டிலிருந்து இப்படித்தான். அந்தத் தண்டனை முறையே 1938இல் அடியோடு ஒழிந்துபோனது; மசோதா மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது! நீங்கள் எதற்காகக் கூட்டினீர்களோ அது இருக்கட்டும், முதலில் எங்கள் அலுவல் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அது போதும். கனடாவும் இதைப் பின்பற்றுகிறது. அங்கே செனட்டில் வைப்பது ரயில்வே பற்றிய மசோதா. அந்த ரயில் இதுவரை நிலையத்தை விட்டுக் கிளம்பியதில்லை.

இன்று அரசர் உரையை எழுதிக் கொடுப்பதே பிரதமரின் அரசாங்கம்தான். பிறகு யாரிடம் இந்த முறைப்பு என்று கேட்கலாம். உரையை எழுதியவர்களிடம்தான் என்பேன். சபையின் நேரத்தில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கையில் இருப்பது உண்மை. அந்த முதல் சில நிமிடங்களாவது அப்படி இல்லை.

நம்மிடம் இந்த மசோதா வழக்கம் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 87ஆவது பிரிவைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் உரை மீதான விவாதத்துக்கு மற்ற அலுவல்களைவிட முன்னுரிமை தர விதி செய்யவேண்டும் என்றே 1950இல் அது சொன்னது. 1951இல் வந்த முதல் திருத்தம் அந்தச் சொற்களை நீக்கியது; உரையை ஒதுக்கிவைத்து வேறு அலுவலை முதலில் எடுக்க நம் சபைகளுக்கும் வழி பிறந்தது. ஆளுநர் உரைக்கான 176ஆவது பிரிவிலும் அப்படியே. முதல் திருத்தம் என்றாலே நமக்கு செண்பகம் துரைராஜன் தொடுத்த இடஒதுக்கீட்டு வழக்குதான் நினைவுக்கு வரும். இதை யாரும் பேசுவதில்லை. உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இதைப் பற்றியும் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்