ராயபுரத்துத் தம்பிக்கு: திருகோணமலையில் கப்பல் நிற்கும் அந்த ஒரு பகல்

அன்புள்ள தம்பிக்கு,

நம்ம துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுகிறாய், திருகோணமலையில் ஒரு பகல் நிற்கிறது, அதற்குள் 1942-ல் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை முங்கிப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். முடியாது. உன் கையில் இருப்பது ஓப்பன் வாட்டர் அட்டை, அதாவது ஸ்கூபாவின் அடிப்படைப் பயிற்சிச் சான்று. அதன் எல்லை 18 மீட்டர். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. அதுவும் திருகோணமலையில் இல்லை, மட்டக்களப்புக் கடலில். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்தும் இதையே கேட்பதால் உனக்கான பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. முன்கூட்டியே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்த ஹெர்மிஸும் அன்றைக்கே மாட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில் மூழ்கியது. அது சுமார் 24 மீட்டரில் கிடப்பதால் உனக்கு அடுத்த படியான அட்வான்ஸ்டு அட்டைக்காரர்கள் போகிறார்கள். ஆனால் மட்டக்களப்புக்கு வடக்கே அது கிடக்கும் கல்குடாப் பக்கம் போய் முங்கிவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புவது நடக்காத காரியம். துறைமுகத்துக்குள்ளேயே எரிந்த சாகைங் கப்பலை 2018-ல் இலங்கைக் கடற்படை மிதக்கவைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு அங்கே போய் அதைக் கேட்டுக்கொண்டு நிற்காதே.

ஏன் ஆழம் ஆழம் என்று அடித்துக்கொள்கிறோம் என்பதற்குக் கணக்கு ஒன்று. உனக்குத் தரப்போவது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 200 பார் அழுத்தம்: மொத்தம் 2,200 லிட்டர் காற்று. (ஆக்சிஜன் இல்லை, வெறும் காற்று. சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம்.) 50 பார் கையிருப்பாக விட்டால் செலவழிக்க 1,650 லிட்டர். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அதிகம் செலவாகும்: மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவன் 10 மீட்டரில் 40, 20 மீட்டரில் 60, 53 மீட்டரில் 126 லிட்டர் இழுப்பான். அதாவது 10 மீட்டரில் நாற்பது நிமிடம் வரும் சிலிண்டர், ஹெர்மிஸின் தளத்தில் பதின்மூன்று நிமிடம். இறங்க, ஏற, நடுவில் நின்று உடலில் கரைந்த நைட்ரஜனை வெளியேற்ற எல்லாம் அதற்குள்தான். புதிதாக முங்குபவர்கள் பதற்றத்தில் 20-ஐயும் தாண்டி இழுப்பார்கள்.

உன் அட்டைக்கு ஏற்ற இடங்கள் அங்கே இல்லாமல் இல்லை. நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிக் கடலில் ஆழம் அதிகமில்லாமல் உடைந்த கப்பல் ஒன்று கிடக்கிறது. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில், புறாத்தீவு. 2003-லிருந்து தேசியப் பூங்கா. கடலடிப் பாறைத்திட்டைக் காசிமேட்டில் நாம் பார் என்கிறோமே, மன்னாரில் முத்துப்பார் என்கிறார்களே, அதே பார்தான், இங்கே பவளம். கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத நீரிலேயே சுற்றும். நீ துரத்தாதவரை அது பாட்டுக்குப் போகும். மூன்றாவது, கோணேசர் கோயில் நிற்கும் மலையின் அடிவாரம். 1622-ல் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956-ல் மைக் வில்சன் கடலடியில் கண்டார். எனக்கு விட்டால் கப்பலைவிட அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் அங்கே வெள்ளம் இழுத்தால் இறக்க மாட்டார்கள். நீரோட்டத்தைச் சொல்கிறேன், மழை வெள்ளத்தை அல்ல. உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேள், சொல்வார்கள்.

காலம் சரியாகவே இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், அந்தக் கிழக்குக் கரை தெளிந்திருக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் கலங்கல்தான்.

இனி நேரம். கப்பல் புறப்படும் மணியைப் பார்க்காதே, "எல்லாரும் ஏறிவிட வேண்டும்" என்று போட்டிருக்கும் மணியைப் பார், அதிலிருந்து பின்னோக்கி எண்ணு. மாலை 4 மணி என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும், 2 மணிக்கு நிலாவெளியில் உடை மாற்றியிருக்க வேண்டும், 1 மணிக்கு இரண்டாவது டைவ் முடிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அப்படியானால் முதல் டைவ் 10 மணிக்கே தொடங்கியாக வேண்டும். குடியேற்றச் சோதனையில் ஒரு மணி நேரம் போனால் ஒரு டைவ் போச்சு. அப்போது இழுத்துப் பிடிக்காமல் உடைந்த கப்பலை விட்டுவிட்டுப் புறாத்தீவுப் பாரை மட்டும் பார். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பயணம் என்றால் தாமதத்துக்குக் காத்திருப்பார்கள். நீயே பேசி வைத்த படகு என்றால் உனக்காகக் கப்பல் காத்திருக்காது. வசதிக்கு ஒன்று: கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

ஆழமானது முதலில், ஆழம் குறைந்தது பிறகு. எனவே காலையில் உடைந்த கப்பல், அப்புறம் புறாத்தீவு.

உடைந்த கப்பலுக்குள் நுழையாதே. இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிறதே என்று தோன்றும், அப்போதும் வேண்டாம். உள்ளே பல வருடச் சகதி படிந்திருக்கும். மேலும் கீழுமாகத் துடுப்பு அடித்தால் சில நொடியில் கை தெரியாது. நீ விடும் காற்றுக்குமிழ் மேல்தகட்டில் மோதித் துருவைக் கொட்டும். உள்ளே போகப் பயிற்சி பெற்றவர்கள்கூடக் கயிறு கட்டிக்கொண்டு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்துத்தான் போகிறார்கள். வெளியே சுற்றும்போதும் தவளை மாதிரி பக்கவாட்டில் கால் விரித்து அடி, சகதி கிளம்பாது.

நம்ம ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், மூழ்கிய கப்பல் என்றால் வலை சிக்கும் இடம். மீனும் அங்கேதான் சேரும், அறுந்த நைலான் நரம்பு வலையும் அங்கேதான் தொங்கும். அது பெரும்பாலும் உன் தலைக்குப் பின்னால் சிலிண்டர் வால்வில்தான் மாட்டும், கண்ணுக்குத் தெரியாது. ஏதோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் திரும்பாதே. திரும்பினால் இன்னும் சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று கூட வருபவருக்குச் சைகை காட்டு, அவர் அறுத்துவிடட்டும். சின்ன நரம்பு வெட்டி ஒன்று நெஞ்சுப் பக்கம் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். துருத் தகட்டில் கை கிழியலாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் இங்கேயே போட்டுக்கொண்டு போ. கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் 45 டிகிரி வெந்நீரில், தோல் வெந்துபோகாத சூட்டில், முக்கால் மணி நேரமாவது வைத்திரு, பிறகு மருத்துவர்.

படகில் ஏறியதும் அழுத்தமானியைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழு. முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. அதோடு கீழே போனால் ஆழத்தில் மூச்சு இறுகும். காற்றில் எண்ணெய், புகை வாடை வந்தால் அந்த சிலிண்டரைத் தொடாதே. மீசை வைத்திருக்கிறாய் என்றால் முகமூடியில் தண்ணீர் கசியும், மூக்குக்குக் கீழே கொஞ்சம் மழித்துக்கொள்.

அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் எடைதான் பலரையும் பாருக்கு எதிரியாக்குகிறது. பதற்றத்தில் இரண்டு கிலோ கூடக் கேட்டு வாங்குவார்கள், பிறகு முழங்காலால் பவளத்தை மிதிப்பார்கள். மிதவை ஜாக்கெட்டில் காற்றில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதக்கும்போது தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் அமிழ வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடு இந்தச் சோதனை செய்தால் மேற்கொண்டு இரண்டு கிலோ சேர், ஏனென்றால் அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மேலே தூக்கும். கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க முடியாமல் மேலே பறப்பவர்கள் இந்த இரண்டு கிலோவைத்தான் மறந்திருப்பார்கள்.

காது: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிக் காதைத் திறப்பதை வலித்த பிறகு செய்யாதே. ஒவ்வொரு மீட்டருக்கும், வலிக்கும் முன்பே. சளி இருந்தால் முங்காதே. அடைப்பு நீக்கும் மாத்திரை போட்டுப் போனால் கீழே மருந்து இறங்கி, ஏறும்போது அடைத்துக்கொள்ளும்.

மருத்துவப் படிவத்தை இன்றே வாங்கி நிரப்பு. ஆஸ்துமா, சர்க்கரை, காது அறுவை என்று ஏதாவது ஒரு கேள்விக்கு "ஆம்" வந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டிவரலாம். அங்கே கரையில் நின்றுகொண்டு அதை வாங்க முடியாது. பொய்யாக "இல்லை" போடுவதற்குப் பேசாமல் கரையிலேயே உட்காரலாம். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா அடக்கமா, எத்தனை மீட்டர் வரை என்பதையும் படி.

முங்கிய கையோடு விமானம் ஏறக் கூடாது என்றொரு தடை உண்டு. திரும்புவது கப்பலில் என்பதால் அது உன்னைத் தொடாது. ஆனால் சென்னையில் இறங்கிய கையோடு வேறு ஊருக்கு விமானம் போட்டிருந்தால், இரண்டு டைவ் செய்தவனுக்குக் கடைசி டைவிலிருந்து 18 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அன்றிரவு கப்பலில் தோளோ முழங்கையோ வலித்தாலோ, விரல் மரத்தாலோ, தோலில் திட்டுத்திட்டாகச் சிவந்தாலோ வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுக்காதே, உடலில் தங்கிய நைட்ரஜனின் வேலையாக இருக்கலாம். நேராகக் கப்பல் மருத்துவரிடம் போய், எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் முங்கினாய் என்று சொல்லி ஆக்சிஜன் கேள். டைவ் கம்ப்யூட்டரைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை அண்ணன்