ஆறாம் வகுப்புப் புவியியலை மெரினாவில் தொடங்குங்கள்

பள்ளிப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்திலிருந்து எழுதுகிறேன். புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

ஆறாம் வகுப்புப் புவியியல் பேரண்டத்திலும் சூரியக் குடும்பத்திலும் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெப்டியூன் வரை போய்வந்த பிள்ளைக்குத் தன் தெருவின் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிவதில்லை. அதனால் அந்தப் பாடத்துக்கு முன்னால், சொந்த ஊரைப் படிக்க இரண்டே வாரம் கேட்கிறேன்.

அமெரிக்கப் புவியியல் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 1984-இல் புவியியல் பாடத்தை ஐந்து கருப்பொருள்களாக வகுத்தன: அமைவிடம், இடத்தின் தன்மை, மனிதரும் சுற்றுச்சூழலும், இடப்பெயர்வு, வட்டாரம். எந்த ஊரையும் இந்த ஐந்தை வைத்து விசாரித்துவிடலாம். அமெரிக்கப் பள்ளிகளில் பழகிய முறைதான். நாம் சென்னையை வைத்துச் செய்வோம்.

அமைவிடத்துக்கு ஒரு வகுப்பு போதும். "பனகல் பார்க்கில் இறங்கி நேரா வாங்க" என்று வழி சொல்லும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அட்சம் 13 டிகிரி வடக்கு, தீர்க்கம் 80 டிகிரி கிழக்கு என்று சேர்த்துக்கொடுத்தால் சரி.

நேரம் செலவழிக்க வேண்டியது மெரினாவில். காந்தி சிலையிலிருந்து அலையைத் தொடுவதற்குள் கால் வலிக்கிறதே, அவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஒரு காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரை சேர்த்தார்கள். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையை ஒட்டி ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். வடக்கே போகிற மணலைச் சுவர் மறித்தது. தெற்கே தேங்கியது மெரினாவானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மணல் வரத்துக் குறைந்து கடல் கரையை அரித்தது; இன்று அங்கே பாறாங்கல் கொட்டி அலையைத் தடுக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவருக்குக் கிடைத்த மணல் காசிமேட்டுப் பக்கத்து மீனவரின் கரைக்குப் போயிருக்க வேண்டியது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இடப்பெயர்வு என்றால் பஸ்ஸும் லாரியும் மட்டுமல்ல என்று தெரிந்துவிடும். மனிதர் ஓரிடத்தில் செய்வது இன்னோரிடத்தில் விடியும் என்பதும் விளங்கும்.

கடற்கரை தூரமா? நுங்கம்பாக்கத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. அதுவே ஏரியாக இருந்த நிலம்தான். மழை பெய்த மறுநாள் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

வட்டாரத்தை நடத்தும்போதுதான் கவனம் வேண்டும். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. தாம்பரம் தனி மாநகராட்சி. ஆனால் அங்கிருக்கும் பிள்ளையை எந்த ஊர் என்று கேட்டால் சென்னை என்றுதான் சொல்லும். எது சரி என்று வகுப்பு சண்டை போடட்டும், நல்லதுதான். ஆனால் 'வடசென்னை' என்றதும் ரவுடி, கத்தி என்று ஒரு பையன் ஆரம்பிப்பான். அந்த எல்லைக்கோட்டைப் போட்டது யார், அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆசிரியர் உடனே கேட்டாக வேண்டும். சிரித்துவிட்டுக் கடந்தால் பாடம் கெட்டது.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதை 'ஐந்து கருப்பொருள்கள் யாவை?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக்கிவிடாதீர்கள். ஆக்கினால் அடுத்த வாரமே கைடில் வந்துவிடும். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளை வரைந்த தெருப்படத்துக்குப் போடுங்கள்.

இதற்குப் புதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டாம். ஆசிரியர் கையேட்டில் நான்கு பக்கம், பள்ளி இருக்கும் வார்டின் பெரிய வரைபடம் ஒன்று, அப்புறம் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக எளிய அனுமதி, இவ்வளவுதான். இப்போது அரை நாள் வெளியே போவதற்குக்கூட எத்தனை கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். அதைத் தலைமையாசிரியர் அளவிலேயே முடிக்க ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், வரும் ஜூனிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், மேற்கு மாம்பலம்