ஏழு பாதை வேண்டாம், நான்கு போதும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாடல் ரயில் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு மீட்டர் சுவர் முழுவதையும் யார்டுக்கென்றே ஒதுக்கிவிட்டாய் என்பதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பலரும் ரயில் வட்டமாக ஓடினால் போதும் என்று நினைத்து, யார்டைக் கடைசியில் மிஞ்சிய மூலையில் திணிப்பார்கள். நீ அதிலிருந்தே தொடங்கியிருக்கிறாய். எச்.ஓ. அளவைத் தேர்ந்தெடுத்ததும் நல்லது. 87-இல் ஒரு பங்கு, 16.5 மி.மீ. தண்டவாள அகலம். உன் கைக்கும் கண்ணுக்கும் அதுதான் தோது.

ஆனால் கண்ணு, வரைபடத்தில் வேகன் நிறுத்த ஏழு பாதைகள் இருக்கின்றன, வேகன்களைப் பிரிக்க இடமே இல்லை. சமையலறை முழுக்க அலமாரி அடித்துவிட்டு, காய் நறுக்க ஒரு மேடை வைக்காமல் விட்டதைப் போல இருக்கிறது. யார்டு என்பது வேகன்களை நிறுத்திவைக்கும் இடமல்ல. கலந்து வருவதைப் பிரித்து, போகவேண்டிய ஊர் வாரியாகச் சேர்த்து, மறுபடியும் அனுப்பும் இடம். நிற்கும் வேகன் அங்கே வேலை முடியக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா அளவும் தானாகவே வந்துவிடும்.

ஒரு சரக்கு ரயில் உள்ளே வருவதை விரலால் உன் வரைபடத்தின் மேல் ஓட்டிப் பார். எட்டு வேகன், ஒரு என்ஜின், பின்னால் கார்டு இருக்கும் பிரேக் வேன். மெயின் லைனை விட்டு விலகி அது முழுதாக நிற்க ஒரு பாதை வேண்டும். அதுதான் வந்தடையும் பாதை. புறப்படும் ரயிலும் அங்கேயே உருவாகலாம். இரு முனையும் திறந்திருந்தால், ரயிலை இழுத்து வந்த என்ஜின் முன்பக்கமாக விலகி, மெயின் லைனில் வேறு ரயில் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பி வந்துவிடும். பிறகு வேகன்களை இழுத்தும் தள்ளியும் பிரிக்கும் ஷண்டிங் என்ஜின் வருகிறது. ரயிலின் பின்முனையைப் பிடித்து, பிரேக் வேனை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்தாறு வேகன்களைக் கழற்றி யார்டுக்கு வெளியே இழுக்கிறது. எங்கே இழுக்கும்? உன் வரைபடத்தில் மெயின் லைனுக்குத்தான் இழுக்க முடியும். அப்படியென்றால் ஷண்டிங் நடக்கும் நேரமெல்லாம் மெயின் லைன் அடைபட்டுக் கிடக்கும். மெயின் லைனில் ரயில் வரும் நேரமெல்லாம் ஷண்டிங் நின்றுபோகும். ஒரே ஆள் விளையாடினாலும் எரிச்சல்தான், இரண்டு பேர் சேர்ந்தால் சண்டையே வரும்.

அதனால் முதலில் வரைய வேண்டியது ஷண்டிங் நெக். மெயின் லைனுக்குப் பக்கத்தில் தனியாக ஓடி, முட்டுக்கட்டையில் முடியும் ஒரு நீளமான பாதை. வந்தடையும் பாதையிலிருந்தும், பிரிக்கும் பாதைகளிலிருந்தும் மெயின் லைனைத் தொடாமலேயே அதற்குள் இழுத்துக்கொள்ள முடிய வேண்டும். பிரிக்கும் பாதைகளில் மிக நீளமானது எவ்வளவோ அவ்வளவு நீளம் நெக்குக்கும் இருந்தால் உத்தமம். இடம் போதாதென்றால், ஒரு தடவையில் எத்தனை வேகன் இழுப்பாயோ அதற்கும் என்ஜினுக்கும் சேர்த்து இடம் கொடு. அதற்குக் கீழே போகாதே. நெக் குட்டையாக இருந்தால் ஒவ்வொரு ரயிலையும் மூன்று நான்கு துண்டாக்க வேண்டியிருக்கும். வேலை இரட்டிப்பாகும், சுவாரசியம் ஒன்றும் அதிகமாகாது.

இனி கணக்கு. நாற்பது அடி வேகன் எச்.ஓ.வில், வேகன்களை இணைக்கும் கொக்கியான கப்ளரோடு சேர்த்துச் சுமார் 15 செ.மீ. வரும். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் போடும் பாயிண்டுகளை ஆறாம் எண்ணில் வாங்கப்போவதாகச் சொன்னாய். ஆறு என்றால், ஆறு அளவு முன்னே போகும்போது ஒரு அளவு பக்கவாட்டில் விலகும் என்று பொருள். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் நடுக்கோட்டுக்கு இடையே 5 செ.மீ. வைத்தால், ஒவ்வொரு புதுப் பாதைக்கும் ஏணி, அதாவது பாதைகள் ஒவ்வொன்றாகப் பிரியும் பாயிண்டுகளின் வரிசை, 30 செ.மீ. நீளும். நான்காம் எண் என்றால் 20 செ.மீ. போதும். ஆனால் நீளமான பெட்டிகள் அதில் திணறும், பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரளும். ஆறே இருக்கட்டும்.

ஏழு பாதைக்கு ஒரு முனையில் ஆறு பாயிண்ட். முதல் பாயிண்டிலிருந்து கடைசிப் பாயிண்ட் வரை 1.5 மீட்டர். அதற்குப் பிறகும், பக்கத்துப் பாதையில் நிற்கும் வேகனை இடிக்காமல் நிறுத்தக்கூடிய இடம், அதாவது ஃபவுலிங் மார்க், வரை இன்னும் 30, 40 செ.மீ. போய்விடும். ஆக ஒரு முனைக்கே 1.9 மீட்டர். நீ இரண்டு முனையிலும் ஏணி போட்டிருக்கிறாய், இரண்டும் மெயின் லைன் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. 3.8 மீட்டர் அதற்கே சரி. ஏழாவது பாதையில் மிஞ்சுவது 20 செ.மீ., ஒரே ஒரு வேகன். காகிதத்தில் பாதைகள் நீளமாகத் தெரியும், பாயிண்ட் தின்னும் இடம் தெரியாது. யார்டு திட்டத்தில் இதைவிடப் பெரிய ஏமாற்று எதுவும் இல்லை.

இதையே வேறு மாதிரி பிரித்துப் பார்ப்போம். ஒரு முனை மூடிய யார்டு, நான்கு பிரிக்கும் பாதைகள். நெக்குக்கு 1.2 மீட்டர், என்ஜினும் ஆறு வேகனும் தாராளமாக அடங்கும். வந்தடையும் பாதையோடு இணைக்கும் பாயிண்டுக்கு 25 செ.மீ. பிறகு ஏணி. நான்கு பாதைக்கு மூன்றே பாயிண்ட் என்பதால் ஃபவுலிங் மார்க் வரை ஒரு மீட்டரில் முடிந்துவிடும். மிஞ்சுவது 1.55 மீட்டர். ஆக இருப்பதிலேயே குட்டையான பாதையில் பத்து வேகன் நிற்கும்! வந்தடையும் பாதை இவற்றுக்கும் மெயின் லைனுக்கும் நடுவில் ஓடும். அதில் இரண்டு மீட்டருக்குக் கிட்டே பயன்படும் நீளம் கிடைக்கும். உன் எட்டு வேகன் ரயில் என்ஜின், பிரேக் வேனோடு ஒன்றரை மீட்டர்தான். மெயின் லைனையும் சேர்த்து ஆறு பாதை, 45 செ.மீ. அகலப் பலகையில் எல்லாம் அடங்கிவிடும்.

இரு முனையும் திறந்த யார்டுதான் நிஜமானது என்று நீ வாதிடுவாய், எனக்குத் தெரியும். பெரிய யார்டுகள் அப்படித்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் ஊரில் உள்ள பெய்லி யார்டு எட்டு மைல் நீளம், 2,850 ஏக்கர். அதை அப்படியே எச்.ஓ. அளவுக்குச் சுருக்கினாலும் ஏறக்குறைய 150 மீட்டர் வரும். எவ்வளவு பெரிய அறை கிடைத்தாலும் நாம் சுருக்குவதில்லை, தேர்ந்தெடுக்கிறோம். பிரிக்கும் வேலை முழுமையாக நடக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடு. பாதைகளின் எண்ணிக்கையை விட்டுக்கொடு.

அதே போல, அந்த மாதிரி யார்டுகளில் உள்ள ஹம்ப் மேட்டை வைக்கும் ஆசையும் வேண்டாம். வேகனை மேட்டின் மேல் தள்ளி, தானாக உருண்டு தன் பாதைக்குப் போகவிடுவது பார்க்க அழகுதான். ஆனால் வேகன் சிறியதாகிறது, புவியீர்ப்பு சிறியதாவதில்லை. சின்ன வேகன் ஒன்று கிளம்பாமல் நிற்கும், இல்லையென்றால் பறந்துபோய் மோதும். யார்டு முழுவதும் மட்டமாக இருக்கட்டும். தண்டவாளம் போடுவதற்கு முன் மட்டக்கோல் வைத்து ஒவ்வொரு அடிக்கும் பார். நல்ல உலோகச் சக்கரம் போட்ட வேகன்கள் கண்ணுக்குத் தெரியாத சரிவில்கூட நகர்ந்து ஃபவுலிங் மார்க்கைத் தாண்டிவிடும்.

வேகனின் எடையையும் கவனி. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் எச்.ஓ.வுக்குப் பரிந்துரைப்பது, அடிப்படை எடை ஒரு அவுன்ஸ், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறங்குல வேகன் என்றால் நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். கடையில் வாங்கும்போது பல வேகன்கள் இதைவிட லேசாக இருக்கும். உள்ளே சிறு ஈயத்துண்டோ நட்டோ ஒட்டிவிடு. ஏணி வழியாகப் பின்னோக்கித் தள்ளும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பாதைகளில் எத்தனை வேகன் அடங்குமோ அத்தனையும் வாங்கி நிரப்பாதே. பாதிக்கு மேல், அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பிய யார்டில் எதையும் பிரிக்க முடியாது, நகர்த்த இடம் இருக்காது. சின்ன வயதில் நீ வேகன்களை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, ஒன்றைக்கூடத் தொடவிடமாட்டாய். அந்த ஆசைக்கு ஒரு கண்ணாடி அலமாரி வாங்கிக்கொள், யார்டைக் காலியாக விடு.

கொஞ்சம் இடத்தில் எவ்வளவு வேலை நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால், பிரிட்டிஷ் மாடலர் ஆலன் ரைட் அமைத்த இங்கிள்நுக் யார்டைப் பார். மூன்றே பாதை. ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று. நெக்கில் என்ஜினும் மூன்று வேகனும் அடங்கும். எட்டு வேகன்களில் சீட்டுப் போட்டு ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே ரயிலாக்க வேண்டும். அப்படி 6,720 விதமான ரயில்கள் சாத்தியம். இரண்டு பாயிண்டில் இவ்வளவு! உன் பலகை முடியும்வரை இதைத் தரையில் போட்டு விளையாடு. நெக்கின் நீளம் எப்படி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது நான் எழுதுவதைவிட அதில் நன்றாகப் புரியும்.

கை எட்டும் தூரம் 60 செ.மீ.க்குள் இருக்கட்டும். யார்டு உனக்கு முன்னால், மெயின் லைன் சுவரோரம். வேகனை எடுக்க விரல் நுழைய வேண்டும் என்பதால் 5 செ.மீ. இடைவெளியைக் குறைக்காதே, முடிந்தால் 5.5 வை. கப்ளர் எல்லா வேகனுக்கும் ஒரே வகை, ஒரே உயரம். காந்தம் பதித்துக் கழற்றுவதானால் அந்த இடம் நேர்ப்பாதையாக இருக்க வேண்டும், வளைவில் கப்ளர்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விடாது. எனக்கு மெல்லிய குச்சியால் கழற்றுவதுதான் பிடிக்கும். எந்த இடத்திலும் கழற்றலாம். பாயிண்டையும் அப்படியே, கைக்கு எட்டுவதைக் கையாலேயே தள்ளு. மோட்டாருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஷண்டிங் என்ஜினுக்குக் கொடு.

மெதுவாக ஊர்ந்து போகும் என்ஜின்தான் யார்டின் உயிர். அது பாயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்கில் நின்றுபோகக் கூடாது. குட்டை என்ஜினுக்கு மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் குறைவு. அதனால் பிளாஸ்டிக் கிராசிங் உள்ள பாயிண்டைத் தவிர்த்து, மின்சாரம் பாயும் உலோகக் கிராசிங் உள்ளதாக வாங்கு. ஒவ்வொரு பாதைக்கும் தனியாகக் கம்பி இறக்கிவிடு. தண்டவாளங்களை இணைக்கும் தகடுகளை மட்டும் நம்பினால் ஒரு வருடத்தில் அங்கங்கே மின்சாரம் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறையான டி.சி.சி. போடுவதானால் என்ஜின்களை எங்கும் நிறுத்தலாம். சாதாரண டி.சி. என்றால் என்ஜின் நிற்கும் பாதைக்கெல்லாம் தனி சுவிட்ச் வேண்டும்.

பலகை அறுப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பாயிண்ட் தயாரிப்பாளர்களின் நிஜ அளவு மாதிரித் தாள்கள் கிடைக்கும். அச்சடித்துக்கொண்டு, ஒரு அளவுகோலை வைத்து நூறு மி.மீ. நூறாகவே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரையில் நான்கு மீட்டருக்கு ஒட்டு. மேலே வேகன்களை வைத்துக் கையாலேயே ஒரு முழு ரயிலைப் பிரி. வரைபட மென்பொருளில் எல்லாம் சரியாகத் தெரிந்த இடத்தில் பாயிண்டுக்கு அடியில் பலகையின் இணைப்பு வந்து நிற்பதை இதில்தான் கண்டுபிடிப்பாய். பலகைக்கு அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் எந்தப் பாயிண்டும் உட்காரக் கூடாது, பின்னால் மோட்டார் வைக்க மனம் வந்தால் அங்கே இடம் இருக்காது.

அந்தச் சுவரில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீ வரைபடத்தில் குறிக்கவில்லை. நெக்கை இடது பக்கம் வைப்பதா வலது பக்கமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீ நின்று வேலை செய்யும் இடம் ஏணிக்கு நேராக வர வேண்டும், யாரும் கதவைத் திறந்து உன் முதுகில் இடிக்கக் கூடாது. ஜன்னல் எங்கே என்பதையும் அளந்து எழுது. வெயில் நேராக விழும் இடத்தில் தண்டவாளம் நீண்டு வளையும், அங்கே இடைவெளி எவ்வளவு விடுவது என்று அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா